ராத்தா வைக்காத கையெழுத்து

நான் கேட்டது ஒரு கையெழுத்து. காணி கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. புள்ளிக் கோட்டின் மேல் பெயரை எழுதச் சொன்னேன், அவ்வளவுதான். அவர் அதை எழுதியிருந்தால் எங்கள் கரையோரத்தில் பல்கலைக்கழக நுண்கலைப்பீடத்துக்கு ஒரு கிளை இருந்திருக்கும். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஆத்திரம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை அவரைக் கேளாமல் அந்தப் பெயரை எழுதிப் பட்டபாடு எனக்குப் போதும். ஊர் முழுக்க அவரை ராத்தா என்றது. முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை ராத்தா என்றும் கூப்பிடுவார்கள். பாண்டிருப்புச் சைவப் பெண்ணான நானும் அப்படியே கூப்பிட்டேன்.

எங்கள் நுண்கலைப்பீடத்தின் வரலாறு நூலாக வந்திருக்கிறது. கெட்டி அட்டை, நல்ல தாள். தனியார் சங்கீதக் கல்லூரியாகத் தொடங்கியது, பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது, நடனமும் சித்திரமும் பிறகு வந்தன என்று எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கல்முனைப் பக்கத்து நிலையத்துக்கு அதில் ஒரு வரி. ‘கிழக்குக் கரையில் சில காலம் வகுப்புகள் நடந்ததாகச் சொல்லப்படுகிறது, ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை.’ அந்தச் சில காலம் ஏழு வருடம். அந்த ஏழு வருடமும் நான் அங்கே வயலினோடு இருந்தேன். ஆவணம் கிடைக்காததற்கு ராத்தாதான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் நுண்கலைப்பீடத்தில் பட்டம் முடித்து ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பாட்டோ சித்திரமோ படிக்க வேண்டுமென்றால் நாள்முழுதும் பஸ்ஸிலும் ரயிலிலும் இருந்து வடக்கே போய், நாலு வருடம் அங்கே தங்க வேண்டும். பெண்பிள்ளைகளை யார் விடுவார்கள். முதல் இரண்டு வருடத்தை ஊரிலேயே படிக்கலாம், மூன்றாம் வருடம் பீடத்துக்கு வந்தால் போதும் என்று ஒரு திட்டம் போட்டார்கள். எனக்கு ஒற்றை வரியில் கடிதம் வந்தது: ‘பொருத்தமான இடம் பார்த்து அறிவிக்கவும்.’

மூன்று கிழமை இடம் பார்த்தேன். பாட்டென்றதும் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், நெல் மூட்டை அடுக்கிய அறையைக் காட்டி, மூட்டைகளுக்கு நடுவில் இருந்து வாசிக்கலாமே என்றார். கடைசியில்தான் ராத்தாவின் வீட்டைப் பற்றி ஒருவர் சொன்னார்.

எங்கள் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் ஒரே வழக்கம். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். ராத்தாவுக்கு ஒரே மகள். தான் இருந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே மகளுக்கென்று கல்வீடு கட்டி, ஓடு போட்டு, யன்னலுக்குப் பச்சை வர்ணமும் பூசிப் பூட்டி வைத்திருந்தார். மாப்பிள்ளை வரும்வரை அது சும்மாதான் கிடக்கும்.

நான் போனபோது அவர் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் முக்காடு, காலால் நெல்லைத் துழாவியபடியே நான் சொன்னதைக் கேட்டார். சாகாமத்தில் அவர்களுக்கு வயல். கணவர் பாதி நாள் வயல் வாடிக் குடிசையில்தான். அன்றைக்கு வீட்டில் இருந்தவரிடம் திரும்பிக் கேட்டேன். “எனக்கென்ன தெரியும், அவவக் கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் பீடியைத் தேடிக்கொண்டு போனார்.

கதவுக்குப் பின்னால் மகள் நின்றாள். பதினேழு வயது. சுவரில் கரித்துண்டால் மாடு வரைந்து அடி வாங்குகிறவள் என்று பிறகு தெரிந்தது.

“புள்ள, இது ஒன்ட ஊடு. இரிக்கச் சொல்லவா?” என்று ராத்தா அவளிடம் கேட்டார்.

மகள் தலையாட்டிய வேகத்தில் முக்காடு விழுந்தது.

“அப்ப இரிங்க டீச்சர்” என்றார் ராத்தா. “நீங்களாப் போறம் எண்டு சொல்லுற மட்டும் இரிங்க. நான் போகச் சொல்லமாட்டன்.”

வாடகை வேண்டாம் என்றார். கூட்டித் துப்புரவாக வைத்தால் போதுமாம். சாவியும் கையில் தந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா ஒரு துண்டு எழுதித் தருவீர்களா, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். அவர் நெல்லைத் துழாவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“சொல்லிட்டனே” என்றார்.

அந்த ஒரு வார்த்தையோடு நான் ஏழு வருடம் மாரடித்தேன்.

ராத்தா சொன்னால் சொன்னதுதான். அதை நான் புகழ்ந்து சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து அனுபவித்தவர்களுக்குத் தெரியும் அதில் எவ்வளவு தொல்லை என்று. ஒருநாள் காலை மீன்காரக் காக்கா சைக்கிளில் போகும்போது, “வரக்குள்ள மிஞ்சினத எங்கட ஊட்ட போட்டுட்டுப் போ” என்று ராத்தா சொல்லியிருக்கிறார். வழக்கமாக மிஞ்சுவது ஒரு கை மீன். அன்றைக்கென்று கரைவலையில் சூடை மீன் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. ஊரில் வாங்க ஆளில்லை. பகல் பதினொரு மணிக்குக் காக்கா இரண்டு கூடை நிறையச் சூடையோடு வந்து நின்றார். எனக்கே பாவமாக இருந்தது.

“மிஞ்சினது இவ்வளவா?” என்று கேட்டார் ராத்தா.

“ஓம் ராத்தா. வேணாண்டாச் சொல்லுங்க, கொண்டுபோய்த் தென்னைக்கு உரமாத் தாக்குறன்.”

“சொல்லிட்டன். போடு.”

எல்லாவற்றையும் வாங்கி உப்புப் போட்டு எங்கள் வகுப்பு வீட்டு முற்றத்தில் பாய் விரித்துக் காயவைத்தார். பத்து நாள் நாங்கள் கருவாட்டு மணத்தில் மோகனம் பாடினோம். மிருதங்கம் சொல்லிக்கொடுக்கக் காரைதீவிலிருந்து வந்த மாஸ்டர் மூக்கில் சால்வையைக் கட்டிக்கொண்டு வாசித்தார். அவர் சைவம்.

ஆனால் அதே சொல் எங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. வகுப்புத் தொடங்கி இரண்டு மாதத்தில் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், வயதானவர். அவருக்கும் இந்தப் பேச்சு எடுக்கச் சங்கடம்தான். நான் உள்ளே வயலினை மடியில் வைத்துக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டேன்.

“புள்ள, ஒங்கட ஊட்டுல பாட்டுச் சத்தம் கேக்குதெண்டு பள்ளியில கதைக்கிறாங்க.”

“ஓம் மரைக்கார். படிக்கிற புள்ளைகள். இரிங்க எண்டு சொல்லிட்டன்.”

“சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சி.”

பிறகு மரைக்காரின் குரல் கேட்டது. “அப்ப பாங்கு சொல்லுற நேரத்தில மட்டும் நிப்பாட்டச் சொல்லுங்க.” தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டதும் நாங்கள் வில்லைக் கீழே வைப்போம். மாஸ்டரும் கையை எடுத்துவிடுவார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முறைப்பாடும் பிறகு வரவில்லை. ஊருக்குள் ராத்தாவின் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. அந்த மதிப்பு பல்கலைக்கழகக் கந்தோரில் செல்லாது என்பதுதான் என் தலைவிதி.

இரண்டாம் வருடம் முடியப்போகும்போது படிவம் வந்தது. பதினொரு பிள்ளைகள் படித்தார்கள். ஆறு பேர் முஸ்லிம், ஐந்து பேர் தமிழர். அவர்கள் மூன்றாம் வருடத்துக்குப் பீடத்துக்குப் போக வேண்டுமானால் எங்கள் நிலையம் கிளையாக அங்கீகரிக்கப்பட வேண்டும். அங்கீகரிக்க வேண்டுமானால் வீட்டின் உரிமையாளர் ஐந்து வருடத்துக்கு இடம் விட்டதாகக் கையொப்பமிட வேண்டும். கையொப்பம் இல்லையென்றால் பதினொரு பிள்ளைகளின் இரண்டு வருடமும் வீண். அந்தப் பதினொருவரில் ராத்தாவின் மகளும் ஒருத்தி. கிழமைக்கு ஒருமுறை வந்த சித்திர வாத்தியாரிடம் அவள்தான் முதல்.

“ராத்தா, இதில ஒரு கையெழுத்து வைக்கணும். அஞ்சு வருசத்துக்கு வீட்டை விட்டிருக்கிறதா.”

“நான் அஞ்சு வருசமெண்டு சொல்லல்லியே. நீங்களாப் போறம் எண்டு சொல்லுற மட்டும் எண்டுதானே சொன்ன.”

“அது இன்னும் நல்லது. அதையே எழுதித் தாங்க.”

“சொன்னத என்னத்துக்கு எழுதுற? நம்பாத ஆக்கள்தானே கடுதாசி கேக்கிற.”

சரி, இது பிடிவாதம், இரண்டு நாளில் சரிக்கட்டலாம் என்று நினைத்தேன். படிவத்தை வாசித்துக் காட்டினேன். ‘வீட்டின் உரிமையாளராகிய நான்’ என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

“ஆர் உரிமையாளர்? நானா? இது மகள்ட ஊடெண்டு ஊருக்கே தெரியும். என்ட ஊடெண்டு எழுதினாப் பொய்தானே டீச்சர்.”

அப்படியானால் மகள் வைக்கட்டும் என்றேன். மகள் பேனையைத் திறந்துகொண்டே ஓடி வந்தாள். கல்முனையில் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் கேட்டால் அவர் சிரிக்கிறார். வீட்டு உறுதிப் பத்திரம் இன்னும் ராத்தாவின் பெயரில்தான் இருக்கிறதாம், மகளின் கையெழுத்துச் செல்லாதாம். மகளின் பெயருக்கு உறுதியை மாற்றுங்கள் என்று ராத்தாவிடம் வந்து கெஞ்சினேன். சீதன உறுதி கலியாணத்தன்றுதான் எழுதுவது வழக்கமாம். மாப்பிள்ளை இல்லாமல் எழுதினால் பிள்ளைக்கு என்னவோ குறை என்று ஊர் கதைக்குமாம்.

ஆகக் கடுதாசிப்படி வீடு தாயுடையது. சொற்படி மகளுடையது. தாய் எழுதினால் பொய், மகள் எழுதினால் செல்லாது. மகள் பெயருக்கு வீடு வர வேண்டுமென்றால் கலியாணம் நடக்க வேண்டும். கலியாணம் நடந்தால் நாங்கள் எங்கே போவது? இதைப் பல்கலைக்கழகத்துக்கு மூன்று பக்கத்தில் விளக்கி எழுதினேன். பதிலுக்கு இன்னொரு படிவம் அனுப்பினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒரு மாதம் கல்லில் நார் உரித்தேன். மகள் அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். ராத்தா அவளுக்குப் பக்கத்தில் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு, “உம்மா பொய் எழுதோணுமா, புள்ள?” என்று கேட்டார். அவள் என்ன சொல்வாள்? எழுந்து சாப்பிட்டாள்.

கடைசித் திகதிக்கு மூன்று நாள் இருந்தது. ஒரு மத்தியானம் என் வீட்டுக் குசினி மேசையில் இருந்து ராத்தாவின் பெயரை நானே எழுதினேன். ஆமாம், எழுதினேன். நல்ல வடிவாக, கொஞ்சம் சாய்த்து எழுதினேன். பதினொரு பிள்ளைகளுக்காக என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில் பாதி, அந்தப் பொம்பிளையிடம் தோற்கக்கூடாது என்ற வீம்பு.

அனுப்பியதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான் எழுதிய மூன்று பக்க விளக்கம் பல்கலைக்கழகத்தின் கடிதக் கோவையில் இருந்ததை மறந்துபோனேன். கையெழுத்து வைக்கவே முடியாது என்று மூன்று பக்கம் எழுதியவள் ஒரு மாதத்தில் கையெழுத்தை அனுப்பினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது. உதவிப் பதிவாளர் நேரில் வந்தார்.

ராத்தா அவருக்குக் கோழிக்கறியும் வட்டிலப்பமும் வைத்தார். பதிவாளர் வயிறு நிறையச் சாப்பிட்டார், இரண்டாம் தரமும் வட்டிலப்பம் கேட்டார். கை கழுவி வந்து கோவையைத் திறந்து படிவத்தை மேசையில் வைத்தார். நான் வாசலருகே நின்றேன். மகள் எனக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

“அம்மா, இது உங்கட கையொப்பம்தானே?”

ராத்தா குனிந்து பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். ஒரு ‘ஓம்’ போதும். அந்த ஒரு சொல்லில் எல்லாம் சரியாகிவிடும். நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

“என்ட பேர் நல்ல வடிவா எழுதியிரிக்கி” என்றார்.

“நீங்கள்தானே எழுதினது?”

“இல்ல.”

“அப்ப ஆர் எழுதினது?”

“அத நான் சொல்லமாட்டன்.”

“ஏன்?”

“நீங்க கேட்டது நான் எழுதினதா எண்டு. நான் எழுதல்ல.”

பதிவாளருக்கு விளங்கிவிட்டது. விளங்காமல் என்ன. என் முகத்தைப் பார்க்காமலே கோவையைக் கட்டினார். போகும்போது ராத்தாவைப் பார்த்து, “நீங்கள் ஒரு நாளைக்கு மனம் மாறி இவையள எழுப்பிவிட்டா நாங்கள் என்ன செய்யிறது?” என்று கேட்டார். அது அவரது கடமைக் கேள்வி. உள்ளே போன ராத்தா, பதிவாளர் வண்டியேறும்வரை வெளியே வரவில்லை.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. நிலையம் அங்கீகரிக்கப்படவில்லை; சமர்ப்பித்த ஆவணம் நம்பத்தகாதது; இனிமேல் இவ்விடத்தைப் பற்றிய விண்ணப்பம் எதுவும் ஏற்கப்படாது. பதினொரு பேரில் இரண்டு பையன்கள் பீடத்துக்குப் போய் முதலாம் வருடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். மற்றவர்களின் படிப்பு அங்கேயே நின்றது. ராத்தாவின் மகள் தன் தூரிகைகளைக் கழுவித் துணியில் சுற்றி வைத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தோடு ராத்தாவிடம் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். “உங்கட ஒரு சொல்லால எல்லாம் போயிற்று ராத்தா. உங்கட பிள்ளையிட படிப்பும் போயிற்று” என்றேன். குரல் உயர்ந்துதான் இருந்தது.

“எனக்கும் கவலதான் டீச்சர்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. “என்ட பேர நீங்க எழுதினதுக்கு எனக்குக் கோவமில்ல. நாளைக்கு வகுப்பு இரிக்கிதானே?”

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. வகுப்பாம். யாருக்கு, எதற்கு? ஆனால் மறுநாள் நான் போனேன். அதற்குள் கல்முனையில் ஒரு பாடசாலையில் சங்கீத ஆசிரியையாகியிருந்தேன், பின்னேரங்களில் நேரம் இருந்தது. மாஸ்டரும் வந்தார். சான்றிதழ் இல்லை, பல்கலைக்கழகப் பெயர் இல்லை, ஆனாலும் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். ராத்தா போகச் சொல்லவில்லையே.

எண்பதுகளின் தொடக்கத்தில் மகளுக்கு வரிப்பத்தான்சேனையில் மாப்பிள்ளை சரிவந்தது. நல்லது, இத்தோடு நாங்கள் கிளம்ப வேண்டியதுதான் என்று சுருதிப்பெட்டியைக் கட்டத் தொடங்கினேன். வாய் திறந்து நானே சொல்லட்டும் என்று ராத்தா காத்திருப்பார் என நினைத்தேன். சொல்லவும்தான் போனேன். போனால் அவர் கொல்லைப்புறத்தில் நின்று தச்சனுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தார். தான் இருந்த பழைய வீட்டை மகளுக்கு ஒழித்துக் காலியாக்கிக் கொடுத்துவிட்டு, தானும் கணவரும் இருக்க, குசினிக்குப் பின்னால் தகரக் கூரைச் சாய்ப்பு இறக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன ராத்தா இது?”

“உங்களுக்கு ஒரு சொல் சொல்லிரிக்கன். புள்ளைக்கும் ஊடு குடுக்கோணும். ரெண்டும் சரி வந்திட்டு.”

மாப்பிள்ளை வீட்டார் முகம் சுழித்தார்கள். கல்வீடு என்றுதான் பேச்சு, இது பழைய வீடு, ஒரே அறை என்றார்கள். கல்வீடும் மகளுடையதுதான், டீச்சர் போகும் அன்றைக்கு அவளே குடிபோகலாம் என்றார் ராத்தா. கலியாணத்தன்று இரண்டு வீட்டுக்கும் மகள் பெயரில் உறுதி எழுதப்பட்டது. மருதாணிக் கையால் கையெழுத்து வைத்துவிட்டு, கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்து மகள் சொன்னாள்: “இப்ப நான் கையெழுத்து வைச்சாச் செல்லும் டீச்சர்.” அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தக் கோவை மூடி இரண்டு வருடமாகியிருந்தது, மூடவைத்தவள் நான்.

அன்றைக்கே ‘நாங்கள் போகிறோம் ராத்தா’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதினாறு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு வருடம் என்று இழுத்தேன். அவருடைய பிடிவாதத்தால் எங்களுக்கு வந்த நட்டத்துக்கு அவர் இதையாவது செய்யட்டும் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது.

பிறகு ஒரு சித்திரை மாதம் கரையோரம் தமிழர், முஸ்லிம் என்று இரண்டுபட்டது. முதல்நாள்வரை ஒரே சந்தையில் நின்ற ஊர்கள் ஒன்றையொன்று பார்க்கப் பயந்தன. பாண்டிருப்பிலிருந்து ராத்தாவின் வீட்டுக்குப் போகும் அந்தச் சின்ன வழியை யாரும் தாண்டவில்லை. காரைதீவு மாஸ்டர் என்ன ஆனார் என்றே பல நாள் தெரியவில்லை. நல்லவேளை, உயிரோடு இருந்தார். நான் வயலினை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனேன். படித்த பீடத்திலேயே வேலை கிடைத்தது. வகுப்பு வீட்டுச் சாவி என் கைப்பைக்குள்ளேயே வந்துவிட்டது.

ஒரு தபாலட்டை போட்டிருக்கலாம். ஊருக்குப் போய்வந்த யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். கடுதாசியை நம்பாத மனுசிக்கு என்ன கடுதாசி என்று குத்தலாக நினைத்துக்கொண்டேன். நாங்கள் வரவில்லை என்று அவருக்குத் தெரியாதா, வீட்டை எடுத்திருப்பார் என்றும் நினைத்தேன். சாவி மேசை லாச்சிக்குள் கிடந்தது.

நாலு வருடம் கழித்துப் பீடத்தின் வரலாறு எழுதக் குழு போட்டார்கள். பழைய கோவை கிடைக்கவில்லை, கிழக்கு நிலையம் பற்றி வேறு ஏதாவது அத்தாட்சி உண்டா என்று என்னைக் கேட்டார்கள். ராத்தாவிடம் ஒரு கடிதம் வாங்கிவிடலாம் என்று புறப்பட்டேன். வாசகத்தை நானே எழுதி எடுத்துக்கொண்டேன். இந்த முறை எப்படியாவது கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் மற்ற வேலை என்று பஸ் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

ராத்தா தகரச் சாய்ப்பின் வாசலில் சீலையை விரித்து அதன்மேல் இருந்தார். முன்னைவிட மெலிந்து போயிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, கையைப் பிடித்து, உயிரோடு இருக்கிறீர்களா டீச்சர் என்று அழுதார். நானும் அழுதேன். கணவர் ஒரு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார் என்றார். பழைய வீட்டு விறாந்தையில் மகளின் இரண்டு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் இருந்த கட்டிலும் பெட்டியும் அடுக்குப் பானையும் வாசல்வரை வந்து நின்றன.

பக்கத்துக் கல்வீடு பூட்டியிருந்தது. முற்றம் கூட்டிச் சுத்தமாக இருந்தது. யன்னல் இடுக்கால் பார்த்தேன். எங்கள் பாய்கள் சுருட்டி மூலையில் நின்றன. சித்திரத் தாங்கிகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. சுருதிப்பெட்டியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

“வீட்டை ஏன் ராத்தா சும்மா போட்டிருக்கிங்க?” என்று கேட்டேன்.

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். கோபமோ குற்றஞ்சாட்டலோ அந்த முகத்தில் இல்லை.

“நீங்க போறம் எண்டு சொல்லல்லியே டீச்சர்.”

கைப்பையைத் திறந்தேன். கடித வாசகம் மேலே இருந்தது. அதைத் தள்ளிவிட்டு அடியில் கிடந்த சாவியை எடுத்தேன். “போறம் ராத்தா” என்றேன்.

“நல்லம்” என்றார் அவர். பிறகு உள்ளே பார்த்து, “மகள், டீச்சர்ட்ட சாவிய வாங்கு” என்றார்.

மகள் வந்து சாவியை வாங்கினாள். வாசல் படலைவரை என்னோடு வந்தாள். கடிதத்தைப் பற்றி அவளிடம் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், கேட்கவில்லை. படலையில் அவள் நின்றாள். அன்றைக்குச் சின்னப் பிள்ளைபோலப் பேனையைத் திறந்துகொண்டு ஓடிவந்த அதே முகம், ஆனால் என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“வாப்பா மவுத்தானது அந்தச் சாய்ப்புக்குள்ளதான் டீச்சர். மாரி மழ, மூணு பக்கத்தாலயும் ஒழுகினது. இந்த ஊட்டத் திறப்பம் எண்டு உம்மாட காலப் பிடிச்சன்.” சாவியை உள்ளங்கையில் திருப்பிப் பார்த்தாள். “ஒரு சொல்லுதானே டீச்சர். ஆரிட்டயாவது சொல்லி அனுப்பியிரிந்தாப் போதும்.”

அவள் திரும்பிப் போய்க் கல்வீட்டுக் கதவைத் திறந்தாள். நான் பஸ் ஏறும்வரை ஒவ்வொரு யன்னலாகத் திறக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.